கடைசி வண்டியின் விளக்கு

புகைவண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் என்ஜினில் தொடங்குவார்கள். முதல் வகுப்புப் பெட்டியில் சற்று உட்கார்ந்து பார்ப்பார்கள். அத்துடன் இறங்கிவிடுவார்கள். சரக்கு வண்டியின் வால்நுனியில் ஒரு சிறிய நாற்சக்கரப் பெட்டி இருப்பதையும், அதில் ஒரு மனிதன் தன்னந்தனியாக இரவு முழுவதும் விழித்திருப்பதையும் எழுதியவர்கள் மிகச் சிலர். இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது. அதன் சிறிய உருவம் ஒன்றைச் செய்ய முயன்றதில் நான் செய்த பிழையைப் பற்றியதும் கூட.

தூத்துக்குடியில் மீட்டர் பாதையைக் கழற்றி அகலப் பாதை போட்டது 1990களின் தொடக்கத்தில். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், உப்பு ஏற்றும் பக்கப்பாதை ஒன்றில் ஒரு பழைய கார்டு பெட்டி நின்றுகொண்டிருந்தது. நாடாவை வைத்து அதை இரண்டு மாலைப் பொழுதுகளில் அளந்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வைத்தேன். ஏன் அளந்தேன் என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திராது. அந்த நோட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரணில் கிடந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு அதை இறக்கித் தூசி தட்டி, பெட்டியைச் சிறிய அளவில் செய்ய உட்கார்ந்தேன்.

ரயில் மாதிரி செய்பவர்களில் இரு வகையினர் உண்டு. கடையில் அட்டைப்பெட்டிக்குள் பாகங்களாக விற்பதை வாங்கி ஒட்டிச் சேர்ப்பவர்கள் ஒரு வகை. தகடு, பலகை, கம்பி ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் தாமே வெட்டி எடுப்பவர்கள் இன்னொரு வகை. தென்னிந்தியாவின் மீட்டர் பாதைக் கார்டு பெட்டியை எந்த அட்டைப்பெட்டியிலும் நான் கண்டதில்லை. ஆகவே இரண்டாம் வகையைத் தவிர எனக்கு வழியில்லை. ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் 'எஸ்.ஐ.ஆர்.' என்று எழுதினேன். சவுத் இந்தியன் ரெயில்வே என்பதன் சுருக்கம் அது. 1911 ஜூன் மாதத்து மணியாச்சி நிலையத்தை ஒரு மேசையளவில் செய்து, அங்கே இந்தப் பெட்டியை நிறுத்த வேண்டும் என்பது என் திட்டம்.

எங்கள் தெருவில் ஓர் ஓடாவி இருக்கிறார். தோணி கட்டும் தச்சர்களுக்குத் தலைவரை இந்தக் கரையில் அப்படித்தான் சொல்வோம். காகிதத்தில் ஒரு கோடு போடாமல் முந்நூறு டன் தோணியைக் கட்டி இறக்கிய கை. அவர் ஒருநாள் வந்து பெட்டியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு தம்பி. எந்த வருசத்து வண்டி இது?"

"தொள்ளாயிரத்துப் பதினொண்ணு, அண்ணாச்சி."

அவர் பெட்டியைக் கவிழ்த்து அடிச்சட்டத்தில் விரலை ஓட்டினார். "தோணியப் பாத்தா எந்தக் காலத்துல கட்டுனது, எந்தக் காலத்துல பலகை மாத்துனதுன்னு சொல்லிருவேன். இதுல மேல ஒரு வருசம், கீழ ஒரு வருசமால்லா இருக்கு?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

*

கார்டு பெட்டிக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் 'கபூஸ்'. இந்தச் சொல் ரயிலில் பிறந்ததல்ல, கப்பலிலிருந்து கரையேறியது. கப்பலின் மேல்தளத்தில் இருக்கும் சமையல் அறைக்கு டச்சு மாலுமிகள் வழங்கிய பெயரே அதன் வேர். ஆங்கில மாலுமிகளின் வாயில் புகுந்து, அட்லாண்டிக் கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கச் சரக்கு வண்டியின் வாலில் போய் ஒட்டிக்கொண்டது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்தார்கள். முத்துக்கும் சங்குக்கும் துணிக்குமாக ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே இருந்தார்கள். 1825இல்தான் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கப்பல்காரர்களின் சமையலறைச் சொல் ஊருக்குள் புழங்குவதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற 'குசினி' இன்னும் நம் பேச்சில் இருக்கிறது.

பெயருக்கு ஏற்றாற்போல அமெரிக்கக் கபூஸ் ஒரு வீடு. உள்ளே கணப்படுப்பு, படுக்கைப் பலகைகள், சமைக்கும் பாத்திரங்கள், கூரைக்கு மேல் வண்டி முழுவதையும் பார்க்கும்படியான ஒரு சிறு கூண்டு. நாள்கணக்கில் ஓடும் வண்டியில் ஊழியர்கள் அதிலேயே தங்கினார்கள். நம் நாட்டுப் பெட்டி அப்படியல்ல. அது ஒரு திண்ணை. நடுவில் கதவும் சன்னலும் உள்ள சிறிய அறை, இரு கோடியிலும் கூரையிட்ட திறந்த தாழ்வாரம், ஓர் ஆசனம், கைப்பிரேக்கின் சக்கரம், காற்றழுத்தம் காட்டும் ஒரு மானி. அவ்வளவுதான். குளிருக்கு அங்கே கணப்படுப்பு. வெயிலுக்கு இங்கே தாழ்வாரம். ஒரே வேலைக்காக இரு நாடுகள் செய்துகொண்ட பெட்டிகளில் இரு நாட்டு வானிலையும் எழுதப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் 1980களில் கபூஸ்கள் கழற்றப்பட்டன. வாலில் பொருத்தப்பட்ட ஒரு மின்னணுக் கருவி அவற்றின் இடத்தைப் பிடித்தது. கழற்றப்பட்டவற்றில் பல பூங்காக்களிலும் உணவகங்களிலும் போய் நின்றன. ரயில் மாதிரி செய்பவர்களுக்கு அதன்மேல் பற்று வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். போனதைத்தான் மனிதன் சிறிதாக்கிக் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறான்.

*

கார்டு என்பவரின் வேலை கொடி அசைப்பது மட்டும் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். பெட்டியைச் செய்யும்போதுதான் ஒவ்வொரு பாகமும் ஒரு கடமை என்று விளங்கியது.

தொடக்ககாலச் சரக்கு வண்டிகளில் எல்லாப் பெட்டிகளையும் இணைக்கும் பிரேக் கிடையாது. என்ஜினில் ஒரு பிரேக், வாலில் ஒரு பிரேக். இறக்கத்தில் டிரைவர் ஊதலால் குறிப்புக் கொடுக்க, கார்டு கைச்சக்கரத்தைச் சுழற்றித் தன் பெட்டியின் சக்கரங்களை இறுக்குவார். பிரேக் வேன் என்ற பெயரே அதனால் வந்தது. வெற்றிடத்தால் இயங்கும் வாக்குவம் பிரேக் வண்டி முழுவதும் ஓடத் தொடங்கிய பிறகு கைச்சக்கரத்தின் முக்கியத்துவம் குறைந்தது; ஆனால் அது எடுக்கப்படவில்லை. இணைப்பு அறுந்து பின்பாதி வண்டி தனியே நின்றுவிட்டால், அது பின்னோக்கி உருளாமல் பிடித்துக்கொள்வது அந்தச் சக்கரம்தான்.

இரும்புப் பெட்டி ஒன்று கார்டுடன் எப்போதும் பயணம் செய்தது. சிவப்பு, பச்சைக் கொடிகள், கைவிளக்கு, மருந்துகள், தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள் எல்லாம் அதில். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் கார்டு இறங்கிப் பின்னோக்கி நடந்து, குறித்த தூரத்தில் தண்டவாளத்தின் மேல் வெடிகளைப் பொருத்த வேண்டும். பின்னால் வரும் என்ஜின் அவற்றின் மேல் ஏறும்போது எழும் சத்தமே எச்சரிக்கை. இருட்டில், காட்டுப் பாதையில், தான் காக்க வேண்டிய வண்டியை விட்டு விலகி நடப்பதுதான் காவலின் உச்சம் என்பது விதி.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்துக்கொண்டவை விளக்குகள். கார்டு பெட்டியின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு விளக்கு துருத்திக்கொண்டிருக்கும். பின்புறம் சிவப்பும் முன்புறம் வெள்ளையும் காட்டும் விளக்குகள் அவை. டிரைவர் வளைவில் திரும்பிப் பார்க்கும்போது அந்த வெள்ளை ஒளி தெரிந்தால் வண்டி அறுபடாமல் வருகிறது என்று பொருள். பின்முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு. பகலில் அதற்குப் பதிலாக ஒரு பலகை. ஒரு வண்டி நிலையத்தைக் கடக்கும்போது அங்குள்ள நிலைய அதிகாரி பார்க்க வேண்டியது என்ஜினை அல்ல, இந்தக் கடைசி அடையாளத்தை. அதைக் கண்ணால் கண்ட பிறகே 'வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது' என்று கொள்ளலாம். அதன் பிறகே அந்தப் பாதையில் அடுத்த வண்டிக்கு அனுமதி. தலை வந்து சேர்ந்தால் போதாது. வால் வந்து சேர வேண்டும். இருப்புப்பாதை நூறாண்டு அனுபவத்தில் கண்டெடுத்த ஞானம் இது. வரலாறு எழுதுகிறவர்களுக்கும் பயன்படக்கூடியது.

*

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876 ஜனவரி 1ஆம் தேதி. மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் துறைமுகம் வரை ஒரு பாதை. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை. இன்றைய கண்ணுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். திருநெல்வேலி மாவட்டத் தலைநகர் கிளைப்பாதையில் இருக்க, முதன்மைப் பாதை கடலை நோக்கி ஓடியது. கரிசல் பருத்தியும், இலங்கைக்குப் போகும் ஆட்களும் அந்தத் திசையைத் தீர்மானித்தார்கள்.

பாதையின் அகலத்திற்கும் ஒரு கதை உண்டு. இந்தியாவின் முதல் பாதைகள் ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. வைசிராய் மேயோ காலத்தில், 1870ஐ ஒட்டி, செலவைக் குறைக்கக் குறுகிய பாதை ஒன்றை அரசு தேடியது. அடிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள், இந்தியா விரைவில் மெட்ரிக் அளவைக்கு மாறப்போகிறது என்ற நம்பிக்கையில் சரியாக ஒரு மீட்டர் என்று முடிவு செய்தார்கள். மெட்ரிக் அளவைக்கான சட்டம் ஏட்டில் வந்தது, நடைமுறைக்கு வரவில்லை. நாடு மெட்ரிக்குக்கு மாற 1956இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகளும் தண்டவாளங்களின் இடைவெளி மீட்டரிலும், அவற்றின் மேல் ஓடிய பெட்டிகள் அடி அங்குலத்திலுமாக இருந்தன.

மாதிரி செய்பவனுக்கு இது வெறும் சுவையான செய்தி அல்ல. ஜெர்மனியின் லேமான் நிறுவனம் 1968இல் வெளியிட்ட தோட்டத்து ரயில்கள் 45 மில்லிமீட்டர் இடைவெளிப் பாதையில் ஓடுபவை. ஐரோப்பிய மீட்டர் பாதைகளை 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கியவை. ஆயிரத்தை 22.5ஆல் வகுத்தால் 44.4 வரும். அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான பிழை, பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே பாதை கிடைத்துவிட்டது. ஆனால் என் நோட்டில் உள்ளவை அடியும் அங்குலமும். ஓர் அடி இந்த அளவையில் 13.5 மில்லிமீட்டர் சொச்சம். ஐந்தடி ஆறங்குலக் கார்டு ஒருவர் 74 மில்லிமீட்டர் உயரத்தில் தாழ்வாரத்தில் நிற்பார். மேயோ காலத்துக் குழப்பத்தை நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஒரு கால்குலேட்டரில் நான் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றக் கணக்குகளும் அப்படித்தான். தாழ்வாரக் கைப்பிடிக்கு முதலில் சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. கணக்குப் போட்டபோது இரண்டு மில்லிமீட்டர் ஸ்போக், உண்மை அளவில் 45 மில்லிமீட்டர் தடிமனுள்ள உலக்கை என்று தெரிந்தது. எந்தக் கார்டின் உள்ளங்கையும் அதைச் சுற்றிப் பிடிக்காது. பிய்த்தெறிந்துவிட்டு ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போட்டேன். கடையில் கிடைக்கும் ஆங்கிலேய மாதிரிகளைப் பார்த்து இரண்டு மோதுதாங்கிகளையும் செய்து வைத்திருந்தேன். நம் அகலப் பாதையின் பழைய பெட்டிகளுக்கு அது பொருந்தும். மீட்டர் பாதையில் நடுவே ஒரே ஒரு மோதுதாங்கி; இணைக்கும் கொக்கியும் அதனோடு சேர்ந்ததே. அதையும் மாற்றினேன். தகட்டின் பின்புறம் ஆணிமுனையால் மெல்லத் தட்டி, முன்புறம் கடாவியின் கொண்டைகள் எழும்படி செய்தேன். சில நூறு கொண்டைகள். ஒன்று தவறினால் தகடு முழுவதும் வீண்.

*

இவ்வளவு துல்லியம் பார்த்தவன் எங்கே தவறினேன் என்பதற்கு வருகிறேன்.

ரயில் மாதிரிக்காரர்கள், தாம் பின்பற்றும் உண்மையான வண்டியை 'ப்ரோட்டோடைப்' என்கிறார்கள். தமிழில் மூலம் எனலாம். கருவறையில் அசையாது நிற்கும் மூலவருக்கு வீதியுலா வரும் உற்சவர் இருப்பதைப் போல என்று நானும் முதலில் நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒப்புமை முழுதும் பொருந்தாது. மூலவர் மாறுவதில்லை. கார்டு பெட்டி மாறிக்கொண்டே இருக்கும். அதற்குச் சரியான ஒப்புமை நம் இலக்கியத் துறையிலேயே இருக்கிறது: ஏட்டுச்சுவடி.

சுவடியைக் கையிலெடுக்கும் பதிப்பாசிரியர் முதலில் கேட்பது, இது எந்தக் காலத்துப் படி, எத்தனை கை பட்டது என்பதைத்தான். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. நான் அளந்த பெட்டியும் பல கை பட்ட சுவடிதான். அடிச்சட்டத்தில் கடாவிகள் வரிசையாக இருந்தன. அது ஒரு தலைமுறையின் கை. பக்கத் தகடுகளில் பற்றவைப்பின் தழும்புகள் ஓடின. அது பின்வந்த தலைமுறையின் கை. சன்னலொன்று தகடு வைத்து அடைக்கப்பட்டிருந்தது. பெட்டிகளைப் பணிமனையில் கழற்றிச் செப்பனிடும்போதெல்லாம் ஓர் இடைச்செருகல் சேர்ந்திருக்கிறது.

தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாறியது. அந்த மாற்றத்தோடு வந்த ஆட்குறைப்பு, 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதையும் உலுக்கிய வேலைநிறுத்தமாக வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதானார்கள். பற்றவைப்புத் தழும்பும் கடாவியும் வெறும் தொழில்நுட்பத் தகவல்கள் அல்ல. அவற்றின் பின்னால் நாகப்பட்டினத்தின் வேலையிழந்த கைகளும் பொன்மலையின் புதுக் கைகளும் இருக்கின்றன.

என் நோட்டில் எல்லாமே குறிக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டில் 'எஸ்.ஆர்.' என்ற எழுத்துகள் இருந்ததையும் குறித்திருந்தேன். மூன்று ரயில்வேக்களை இணைத்துத் தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14 அன்று. அதற்கு முன் அந்த எழுத்துகள் எந்தப் பெட்டியிலும் இருக்க முடியாது. அதற்குக் கீழே, பெட்டி கடைசியாகப் பணிமனைக்குப் போய்வந்த மாதமும் ஆண்டும் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருந்தன: 1986. சுவடியின் கடைசி ஏட்டில் படியெடுத்தவர் நாள் குறிப்பது போல, பெட்டி தன் வயதைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது.

நான் அந்தத் தேதியை விட்டுவிட்டேன். 'எஸ்.ஆர்.' இருந்த இடத்தில் 'எஸ்.ஐ.ஆர்.' எழுதினேன். ஏனென்றால் எனக்கு 1911 வேண்டியிருந்தது. பற்றவைப்புத் தழும்பை மட்டும் அழகாக இருந்ததால் விட்டுவைத்தேன். ஓடாவியின் விரல் நேராக அங்கேதான் போய் நின்றது.

*

1911 ஏன் வேண்டியிருந்தது என்பதை எந்தத் தமிழ் வாசகருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜூன் 17 காலை, மணியாச்சி நிலையத்தில், திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷை செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, பின் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் நடந்தவற்றின் தொடர்ச்சி அது. வ.உ.சி.யின் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. தூத்துக்குடி–கொழும்பு வழியில் அதுவரை தனியே ஓட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி, கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அதை நெருக்கியது. 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தமும், வ.உ.சி.யின் கைதும், கலகமும் நிகழ்ந்தன. அந்த நாட்களில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ்.

இரு கம்பெனிகளும் போட்டியிட்ட பயணிகளைச் சென்னையிலிருந்து சுமந்து வந்தது போட் மெயில் என்ற ரயில். எழும்பூரிலிருந்து ஏறத்தாழ 22 மணி நேரம். தூத்துக்குடியில் ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, பயணிகள் படகில் போய் ஏறினார்கள். மூன்றாம் வகுப்பில் வந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகள். தூத்துக்குடிக்கு முந்திய தட்டப்பாறையில் அவர்களை நிறுத்திவைக்கும் முகாம் இருந்தது.

மணியாச்சிக் காட்சியை வரைந்த படங்களிலும் மேடைகளிலும் 'போட் மெயிலில் ஆஷ் சுடப்பட்டார்' என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மேசையின் மேல் தண்டவாளங்களைப் பதித்து, எந்தப் பெட்டி எங்கே என்று வைக்கத் தொடங்கியபோது கதை அப்படி நிற்க மறுத்தது. ஆஷும் அவர் மனைவியும் திருநெல்வேலியிலிருந்து கிளைப்பாதை வண்டியில் வந்தார்கள். கொடைக்கானலுக்குப் போகும் வழி அது. அந்த வண்டி மணியாச்சிக்கு வந்தது 10.38க்கு. தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வரவேண்டியது 10.48க்கு. அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பில்தான் எல்லாம் நடந்தது. ஆஷ் இருந்தது திருநெல்வேலி வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில். போட் மெயில் அந்தக் காட்சியில் இல்லை. அதற்கான தண்டவாளம் காலியாக இருக்க வேண்டும்.

என் கார்டு பெட்டிக்கும் அங்கே இடமில்லை. பயணிகள் வண்டியில் கார்டுக்குத் தனிப் பெட்டி கிடையாது. சாமான்கள் ஏற்றும் பெட்டியின் ஒரு பகுதியே அவருக்கு உரியது. நான் ஓராண்டு உழைத்துச் செய்தது சரக்கு வண்டியின் பெட்டி. அதிலும் 1986இன் தழும்புகளோடு. அதற்கு 1911இன் எழுத்தை எழுதி, அது நிற்காத வண்டியின் வாலில் மாட்டி, அந்த வண்டிக்கு போட் மெயில் என்று பெயரிட இருந்தேன். ஒவ்வொரு கடாவிக் கொண்டையும் அளவு தவறாமல் இருந்தது. முழு உருவமும் பொய்யாக இருந்தது.

புனைவு எழுதுகிறவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் 'உள்ளது உள்ளபடி' என்று சொல்லிக்கொண்டு செய்பவனுக்கு இல்லை. வாஞ்சியின் காலத்தில் நின்ற பெட்டி என்று இதைப் பார்க்கும் ஒரு சிறுவன், வெகுநாள் கழித்து யாரோ சிலர் பற்றவைத்த தகட்டை அந்தக் காலத்தோடு சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்வான். இரு சாராருக்கும் அது அநீதி.

*

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இலங்கைப் பயணம் தனுஷ்கோடி–தலைமன்னார் வழிக்கு மாறியது. போட் மெயில் என்ற பெயரும் தூத்துக்குடியை விட்டுப் போனது. நம் ஊருக்கு எஞ்சியது சரக்கு: பருத்தி, உப்பு, நிலக்கரி. போட் மெயிலின் பகட்டு போன பிறகும் எண்பது ஆண்டுகள் கரிசலுக்கும் கடலுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தவை நான் அளந்ததைப் போன்ற பெட்டிகளை வாலில் கட்டிய சரக்கு வண்டிகளே. அவற்றைப் பற்றி நாடகங்கள் இல்லை.

புதிய வழிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் வண்டியை, நிலையத்தை நெருங்கும் நேரத்தில் புயலலை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர், ஒருவரும் மிஞ்சவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் வெளியுலகுக்கு உடனே தெரியவில்லை. ஒரு நிலையத்திலிருந்து புறப்பட்டு, மறு நிலையத்தில் கடைசி விளக்குக் காணப்படாத வண்டி அது. 'முழுமையாக வந்து சேர்ந்தது' என்ற சொற்றொடர் எவ்வளவு கனமானது என்பதை அந்த ஓர் இரவு சொல்லும்.

*

மூன்று எழுத்துகளையும் சுரண்டி எடுத்தேன். 'எஸ்.ஆர்.' எழுதி, கீழே 1986இன் பணிமனைத் தேதியையும் பொறித்தேன். துரு மட்டும் மிச்சம். உலகெங்கும் மாதிரி செய்பவர்கள் துருவுக்கு உப்பைப் பயன்படுத்துகிறார்கள். தகட்டில் துருநிறம் பூசி, ஈரப்படுத்தி, உப்புக் கற்களைத் தூவி, காய்ந்த பின் மேல்வண்ணம் அடிப்பார்கள். பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால் உதிர்ந்த இடங்களில் துரு எட்டிப் பார்க்கும். எங்கோ குளிர்நாட்டில் யாரோ கண்டுபிடித்த இந்த உத்தியை நான் தூத்துக்குடி உப்பைக் கொண்டு செய்தேன். மூலப் பெட்டியை அரித்ததும் அதே அளத்து உப்புத்தான். சன்னலுக்குக் கீழேயும் தளத்தின் ஓரங்களிலும், நோட்டில் குறித்த இடங்களில் மட்டும் தூவினேன்.

மணியாச்சி மேசை தனியே இருக்கிறது. அதில் கிளைப்பாதை வண்டிக்கான இடமும், காலியான ஒரு தண்டவாளமும், 10.38 காட்டும் கடிகாரமும் மட்டும். கார்டு பெட்டி வேறொரு பலகையில், உப்பு ஏற்றும் பக்கப்பாதையின் முடிவில் நிற்கிறது. 2022 ஜனவரி முதல் கார்டு என்ற பதவிப்பெயரை இந்திய ரயில்வே 'ட்ரெயின் மேனேஜர்' என்று மாற்றிவிட்டது. சரக்கு வண்டியின் வாலில் ஆளுக்குப் பதிலாகக் கருவி வைக்கும் ஏற்பாடுகளும் நடந்து வருகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசிப் பெட்டி வந்து சேர்ந்ததா என்ற கேள்வியைக் கருவியும் கேட்கத்தான் போகிறது.

பின்முகத்தில் அரிசியளவு சிவப்பு பல்பு ஒன்றைப் பொருத்தினேன். ஓடாவி மறுபடியும் வந்தார். எழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், கவிழ்த்து அடிச்சட்டத்தையும் பார்த்தார். விளக்கைப் போடச் சொன்னார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"சரி, தம்பி," என்றார். "இப்பதான் வண்டி ஊர் வந்து சேந்திருக்கு."